ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசைப் பாடகர் கமரோன் பாடுகிறாரா, கத்துகிறாரா? ஏன் இவ்வளவு கொண்டாட்டம்?

யூடியூபில் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு மூடியிருப்பீர்கள், அப்புறம்தான் இந்தக் கேள்வி வந்திருக்கும். நானும் ஒருகாலத்தில் அப்படி மூடியவன்தான்.

வேலைக்காக இரண்டு வருடம் ஸ்பெயினின் செவில் நகரத்தில் இருந்தேன். தெருமுனையில் ஒரு சின்ன பார். ஒருநாள் அதன் முதலாளியிடம், ஏதோ விவரம் தெரிந்தவன்போல, கமரோனின் 1979 ஆல்பம் 'லா லெயேந்தா தெல் தியெம்போ' பிரமாதம் என்று அளந்துவிட்டேன். ஸ்பானியக் கவிஞர் லோர்காவின் கவிதைகள், டிரம்ஸ், எலக்ட்ரிக் பாஸ், ஒரு பாட்டில் சிதார்கூட உண்டு. பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. "அது கமரோனே இல்லை. அன்றைக்கே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்" என்றார். அவர் வயதுக்காரர்கள் பலபேர் இதே கதையைச் சொல்வார்கள். அப்போது அது விற்றதே கொஞ்சம்தான், திருப்பிக் கொடுக்க இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்களோ!

பிறகு பாக்கோ தே லூசியா கிடார் வாசித்த பழைய கேசட்டைப் போட்டு, மரப்பலகையில் விரல் முட்டியால் பன்னிரண்டு எண்ணித் தட்டினார். புலேரியா என்கிற ஃபிளமெங்கோ தாளம் அது. அப்போதுதான் பிடிபட்டது: கமரோன் தட்டோடு ஒட்டிப் போவதே இல்லை. கரகரத்த குரலை உச்சியிலேயே வைத்து இழுத்துக்கொண்டு போகிறார், இனி தாளத்துக்குள் வரவே மாட்டார் என்று நாம் பதறும்போது சரியாகப் பத்தாவது தட்டில் வந்து விழுகிறார். கத்துகிறவனால் அது முடியாது.

தெற்கு ஸ்பெயினின் சான் பெர்னாண்டோவில் 1950இல், கொல்லுப்பட்டறை வைத்திருந்த ஜிப்சி குடும்பத்தில் பிறந்தவர். வெளுத்த உடம்பும் செம்பட்டை முடியுமாக இருந்ததால் வீட்டில் வைத்த பேர் 'கமரோன்', அதாவது இறால். 1992இல் நுரையீரல் புற்றுநோயில் போனபோது வயது 41. அவருடைய ஹெராயின் பழக்கத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கமென்ட்டில் வரப்போகிறவர்களுக்கு: எனக்கும் தெரியும் சார், கேள்வி குரலைப் பற்றியது.

நீங்கள் 70களில் பாக்கோவோடு பாடியவற்றில் தொடங்குங்கள், 1979ஐ அப்புறம் தொடலாம். ஹெட்போனில் கேளுங்கள். நானும் ஹெட்போனில்தான் கேட்டேன், ஆனாலும் ராத்திரியில் சத்தம் என்று சொல்லி வீட்டுக்காரம்மா அட்வான்ஸில் 300 யூரோ பிடித்துக்கொண்டார். குரைத்தது மாடிவீட்டு நாய்.