பாதி விலைக்குக் கேட்டால் போதுமா?

கேள்வி: துபாயில் வேலை பார்க்கும் மகனோடு பத்து நாள் இஸ்தான்புல் போகிறோம். கிராண்ட் பஜாரில் சொல்லுகிற விலையில் பாதிக்குக் கேட்கணும் என்கிறார்கள். தங்க வளையல், பட்டுக் கம்பளம், குங்குமப்பூ வாங்க எண்ணம். பாதிக்குக் கேட்பதா, மூன்றில் ஒரு பங்குக்கா?
— ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: பாதிக்குக் கேட்பீர்கள் என்று தெரிந்துதானே கடைக்காரர் இரட்டிப்பாகச் சொல்கிறார்! கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்று 'கவுண்ட்' கேட்காமல் இறாலுக்கு விலை பேசுவீர்களா? 1455 வாக்கில் கட்டத் தொடங்கிய அந்தச் சந்தையில் இன்று கடைகள் மட்டும் நாலாயிரம் அளவுக்கு. சரக்கு தெரியாமல் பேரம் பேசினால் அவர்கள்தான் ஜெயிப்பார்கள்.

தங்கத்தில் பாதி விலைப் பேச்சே கிடையாது. முதலில் முத்திரையைப் பாருங்கள். 916 என்றால்தான் நம்ம 22 காரட். 750 என்றால் 18, 585 என்றால் 14. அங்கே 14 காரட் நகை ஏராளம். எடை போடச் சொல்லி, அந்தத் தரத்துக்கு அன்றைய கிராம் விலையால் பெருக்குங்கள். அதற்கு மேல் கேட்பது கூலி. பேரம் அதில் மட்டும்தான். இன்னொன்று: இந்தியச் சுங்கத்தில் நகைச் சலுகை (பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20) ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர்களுக்குத்தான். பத்து நாள் பயணத்துக்குக் கிடையாது. பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

ஏமாற்றம் அதிகம் நடப்பது கம்பளத்தில். விரித்துக் காட்டும்போது மேல்பக்கத்தை ரசிக்காதீர்கள், புரட்டிப் போடச் சொல்லுங்கள். கையால் முடிச்சுப் போட்டதில் பூவேலை பின்புறமும் தெளிவாகத் தெரியும், வரிசைகள் சிறிது கோணலாக ஓடும். ஓரக் குஞ்சம் பாவு நூலின் (நீளவாக்கில் ஓடும் நூல்) தொடர்ச்சியாக இருக்க வேண்டும். தனியாகத் தைத்து ஒட்டியிருந்தால் பெரும்பாலும் மெஷின் சரக்கு. ஒரு சென்டிமீட்டர் சதுரத்தில் முடிச்சுகளை எண்ணுங்கள். ஹெரெகே ஊரின் நல்ல பட்டுக் கம்பளத்தில் பத்துக்குப் பத்து, நூறு இருக்கும். 'பட்டு' என்றால் மேல்பரப்பிலிருந்து ஓரிழை கேட்டுக் கொளுத்துங்கள்: பட்டானால் முடி கருகுகிற நாற்றம் வரும், காகிதம் எரிகிற வாடை என்றால் பருத்தி அல்லது ரேயான். இழை தர மறுக்கிற கடையில் எழுந்துவிடுங்கள். கடைக்காரர் கொடுத்துக் குடித்த டீக்குக் கடன்பட்டதாக நினைக்க வேண்டாம். 'நூறு வருஷப் பழசு' என்றால் இன்னும் உஷார்: உண்மையானால் அருங்காட்சியகச் சான்று இல்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது, பொய்யானால் விலையும் பொய். என் யோசனை, முசல்லா (தொழுகை விரிப்பு) அளவில் ஒரு கம்பளிச் சரக்கு போதும்.

குங்குமப்பூ என்று குவித்து மலிவாக விற்பது பெரும்பாலும் குசும்பாப்பூ என்கிற வேறு பூ. வெந்நீரில் போட்டதும் சாயம் விட்டு இதழ் வெளுத்தால் அதுதான். அசலில் மஞ்சள் மெதுவாக இறங்கும், இழை சிவப்பாகவே நிற்கும், நுனி எக்காளம் மாதிரி விரிந்திருக்கும்.

கார்டு போடும்போது மெஷின் 'லிராவா, ரூபாயா' என்று கேட்டால் லிராவை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விலையில் கை வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போய் நிற்காதீர்கள், சந்தை பூட்டியிருக்கும். அன்றைக்கு எமினோனு பக்கம் மசாலாச் சந்தை திறந்திருக்கும். அங்கே லோகும் மிட்டாயை ருசி பார்த்து வாங்குங்கள்; உங்கள் ஊர் இனிப்பான தொதல் தின்று பழகிய நாக்குக்கு அது என்ன சொல்லும் என்பது உங்கள் பாடு.