வியட்நாமுக்கு இரண்டு பேர், இரண்டு முதுகுப்பை: கேள்வி பதில்

நானும் என் தோழியும் மூன்று முறை வியட்நாம் போய் வந்திருக்கிறோம்: 2017, 2019, 2024. மூன்றுமே முதுகுப்பையோடு, கையை இறுக்கிச் செலவு செய்த பயணங்கள். எனக்குத் தெரிந்தது பஸ், ரயில், மலிவு அறை, சாப்பாடு. ரிசார்ட்டும் பேக்கேஜ் டூரும் எனக்குப் பழக்கமில்லை. வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு தம்பி: அக்கா, நானும் நண்பனும் 15 நாள் போகிறோம். விமானமும் விசாவும் போக ஒருவருக்கு 40,000 ரூபாய் போதுமா?

போதும் தம்பி. ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங் என்று வைத்துக்கொள். எங்கள் ஒரு நாள் கணக்கு இது: இருவருக்கும் சேர்த்து அறை 350,000, அதாவது தலைக்கு 175,000. மூன்று வேளை சாப்பாடும் காப்பியும் 200,000. உள்ளூர் பஸ், கிராப் (போன் ஆப்பில் அழைக்கும் வாடகை வண்டி), நுழைவுச் சீட்டு எல்லாம் சராசரியாக 200,000. மொத்தம் சுமார் 575,000 டாங், 2,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். 15 நாளுக்கு 30,000. மீதி 10,000 இரவு ரயிலுக்கும் படகுச் சவாரிக்கும் சரியாக இருக்கும். வடக்கே ஹா ஜியாங் மலைப்பாதைக்குப் போவதென்றால் அதற்கு மட்டும் தனியாக 15,000 வைத்துக்கொள்.

ஹாஸ்டலில் ஒரு படுக்கை 150,000 டாங். இரண்டு பேருக்கு இரண்டு படுக்கை எடுத்தால் 300,000 ஆகிவிடும். அதே காசுக்கு, இல்லாவிட்டால் கொஞ்சம் கூடுதலாக, குடும்பங்கள் நடத்தும் சின்ன ஓட்டல்களில் குளியலறையோடு தனி அறை கிடைக்கும். துணி துவைத்துக் காயப்போடலாம், பையைத் திறந்தபடி வைக்கலாம். இருவராகப் போவதில் முதல் லாபமே இதுதான்.

பணத்துக்குப் பொதுப் பை ஒன்று வையுங்கள். நாங்கள் ஆளுக்கு ஒரு மில்லியன் டாங் போடுவோம், தீர்ந்ததும் மறுபடி போடுவோம். யார் எவ்வளவு கொடுத்தது என்ற பேச்சே வராது. ஒன்று மட்டும் கவனம்: 20,000 நோட்டும் நீலம், 500,000 நோட்டும் நீலம், இரண்டிலும் ஹோ சி மின் முகம். நடு வியட்நாமில் உள்ள ஹுவே நகரத்தில் வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மதியம் இளநீருக்கு என் தோழி 500,000 நோட்டை நீட்டிவிட்டாள். கடைக்கார அம்மா அதை வாங்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, எங்கள் பையிலிருந்தே சரியான நோட்டைத் தொட்டுக் காட்டினார். எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று நம்ப முடியாது. அன்றிலிருந்து பெரிய நோட்டுக்கு எங்களிடம் தனி உறை.

சேலத்திலிருந்து ஒருவர்: விசா எப்படி எடுப்பது?

இந்திய பாஸ்போர்ட்டுக்கு இ-விசா போதும். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். 2023 ஆகஸ்ட்டிலிருந்து 90 நாள் வரை தருகிறார்கள். வியட்நாம் அரசின் தளத்தில் நீங்களே விண்ணப்பியுங்கள். தேடும்போது மேலே வருகிற பல தளங்கள் அரசுத் தளம் போலவே இருக்கும், இரண்டு மூன்று மடங்கு வாங்கிவிடும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் கட்டிய பணம் திரும்பாது.

நம் ஆட்கள் தடுமாறும் இடம் பெயர். அப்பா பெயரை இனிஷியலாக எழுதுவதா, விரித்து எழுதுவதா என்று குழம்புகிறார்கள். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். விமான டிக்கெட்டிலும் அதே பெயர்தான் இருக்க வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து ஒரு அம்மா: என் மகளும் அவள் தோழியும் போகிறார்கள். இருவரும் சுத்த சைவம். பட்டினி கிடப்பார்களா?

இல்லைங்க அம்மா, நானும் சைவம்தான். அவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒரே ஒரு சொல்: 'சாய்'. எழுதும்போது சி, ஹெச், ஏ, ஒய் என்ற நான்கு எழுத்து. பௌத்த முறைச் சைவச் சாப்பாட்டுக்கு அதுதான் பெயர். எந்தப் பலகையில் இந்த நான்கு எழுத்தைப் பார்த்தாலும் உள்ளே போகலாம். 'தோய் ஆன் சாய்' என்றால் 'நான் சைவம் சாப்பிடுகிறவள்'. இதைச் சொன்னால் 'எனக்குக் கறி பிடிக்காது' என்று அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. விரதம் போன்ற ஒன்று என்று புரிந்துகொண்டு மரியாதையாக நடத்துவார்கள்.

சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது நம் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, அங்கே நிறையப் பேர் அசைவத்தைத் தொடமாட்டார்கள். அன்று சாய் கடைகளில் உட்கார இடம் கிடைக்காது. ஹுவேயில் ஒரு பௌர்ணமியன்று நின்றுகொண்டே சாப்பிட்டோம். சோறு, தக்காளியில் வெந்த டோஃபு, பலாக்காய்ப் பொரியல், கீரை சூப், எல்லாம் சேர்த்து 30,000 டாங்.

சாதாரணக் கடையில்தான் கவனம் வேண்டும். வள்ளைக்கீரையைப் பூண்டு போட்டு வதக்கித் தருவார்கள், நாடு முழுக்கக் கிடைக்கும், பார்த்தால் வெறும் கீரைதான். ஆனால் அதில் மீன் சாறு ஊற்றுவது வழக்கம். அவர்களுக்கு அது நம் உப்பு மாதிரி, அசைவம் என்றே தோன்றாது. 'கோங் நுவோக் மாம்', மீன் சாறு வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். நூடுல்ஸ் சூப்பும் அப்படித்தான். கறியை எடுத்துவிட்டுத் தருவார்கள், ஆனால் அந்தத் தண்ணீரே எலும்பு வேகவைத்த தண்ணீர். அதனால் சூப் வகையைச் சாய் கடையில் மட்டும் சாப்பிடட்டும். மலைப் பக்கம் போகும் நாட்களுக்குப் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கொடுத்து அனுப்புங்கள். வெறும் சோறு எங்கேயும் கிடைக்கும்.

கரூரிலிருந்து ஒருவர்: நானும் நண்பனும் ஹா ஜியாங்கில் பைக் வாடகைக்கு எடுத்து ஓட்டப்போகிறோம். ஆர்டிஓவில் 1,000 ரூபாய் கட்டி இன்டர்நேஷனல் பெர்மிட் வாங்கிவிட்டேன். எந்த வண்டி நல்லது?

அந்த பெர்மிட் அங்கே செல்லாது. இந்தியா தருவது 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியான பெர்மிட். வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தப்படியானதை. ஆகவே அங்கே நீங்கள் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிறவர். 50 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை, ஆனால் அது உங்கள் இருவரையும் அந்த மலையில் ஏற்றாது. உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து போகும் ஏற்பாடு இருக்கிறது, 'ஈசி ரைடர்' என்று கேளுங்கள்.

அதே கரூர் நண்பர்: பத்து வருடமாக புல்லட் ஓட்டுகிறேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் மழையில் ஏறியவன். வாடகைக் கடையில் யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. போலீஸ் பிடித்தால் அபராதம் கட்டிவிட்டுப் போகலாம்.

பெங்களூரிலிருந்து ஒருவர்: அவர் சொல்வது சரி. நான் 2022ல் நான்கு நாள் ஓட்டினேன், ஒருவரும் நிறுத்தவில்லை. நீங்கள் பயமுறுத்துகிறீர்கள்.

இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், இதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

2019ல் நாங்களும் அப்படித்தான் ஓட்டினோம். யென் மின் ஊருக்கு முன்னால் ஒரு வளைவு. சாலை வேலைக்காகச் சரளை கொட்டியிருந்தார்கள். என் தோழி ஓட்டினாள், வேகம் 20 கூட இருக்காது. முன் சக்கரம் வழுக்கி வண்டி வலது பக்கமாகச் சாய்ந்தது. அவளுக்கு முழங்காலில் தோல் கிழிந்து உள்ளே வெள்ளை தெரிந்தது. பின்னால் இருந்த என் கெண்டைக்கால் சைலன்சரில் அழுந்தியது. உள்ளங்கை அகலத்துக்கு இன்றும் தழும்பு இருக்கிறது. வழியில் போன ஒரு மக்காச்சோள வண்டிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் விட்டார். ஏழு தையல், எக்ஸ்ரே, வண்டிக்கு நஷ்ட ஈடு, தள்ளிப்போட்ட விமானம். பத்து நாள் பயணச் செலவு இரண்டு நாளில் போய்விட்டது.

ஊருக்கு வந்து இன்சூரன்ஸ் கேட்டோம். செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதால் ஒரு ரூபாயும் தர முடியாது என்று கடிதம் வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கும் அதே பதில். பாலிசியைப் பிரித்துப் படித்தால் அது முன்னரே எழுதித்தான் இருந்தது.

போலீஸ் நிறுத்தவில்லை என்பது எதற்கும் ஆதாரம் ஆகாது. நான் பேசுவது போலீஸைப் பற்றியே இல்லை. விழுந்த பிறகு யார் பணம் கட்டுவது என்பதைப் பற்றி. நீங்கள் யார் மீதாவது மோதினால்? அந்தச் சாலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓரமாக நடந்து போகிறார்கள், முதுகில் கூடை சுமந்த பாட்டிகள் நடக்கிறார்கள். கரூர் நண்பரே, உங்கள் ஓட்டும் திறமையை நான் சந்தேகிக்கவில்லை. உங்கள் நண்பர் ஓட்டுவாரா? முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், மூன்று நான்கு நாள். ஒருவரே முழுக்க ஓட்ட முடியாது.

2024ல் ஈசி ரைடரில்தான் போனோம். மா பி லெங் கணவாயில் கீழே நோ குவே ஆறு பச்சை நூல் மாதிரி ஓடுகிறது. 2019ல் நாங்கள் அந்தக் கணவாய் வரை போகவே இல்லை. இந்தமுறை கைப்பிடியைப் பிடிக்கும் வேலை இல்லாமல் முழு வளைவும் பார்த்தேன். கேட்ட இடத்தில் எல்லாம் ஓட்டுநர் நிறுத்தினார்.

திருப்பூரிலிருந்து ஒருவர்: விசாவுக்கு ஏஜென்ட் தேவையா?

தேவையில்லை. சேலத்துக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

புதுச்சேரியிலிருந்து ஒரு தங்கை: அக்டோபர் கடைசியில் விடுமுறை. வடக்கு, நடு, தெற்கு எல்லாம் பார்க்கலாமா?

நடுப்பகுதியைக் குறைத்துக்கொள். அக்டோபர், நவம்பரில் ஹுவே, டா நாங், ஹோய் ஆன் பக்கம் மழைக்காலம், ஹோய் ஆன் தெருக்களில் படகு ஓடும் அளவுக்கு வெள்ளம் வரும். வடக்கு அப்போது அருமையாக இருக்கும். ஹா ஜியாங்கில் இளஞ்சிவப்பு பக்வீட் பூக்கும் நேரம் அது. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும் டெட் புத்தாண்டு வாரத்தை மட்டும் தவிர்த்துவிடு. ஊரே சொந்த ஊருக்குப் போகும், டிக்கெட் கிடைக்காது, கடைகள் மூடியிருக்கும்.

திருச்சியிலிருந்து ஒருவர்: நம்மூரிலிருந்து நேரடி விமானம் இருக்கிறதாமே?

2023 நவம்பரில் சைகோனுக்கு, அதாவது ஹோ சி மின் நகரத்துக்கு, தொடங்கினார்கள். இறங்கியதும் உள்நாட்டு விமானத்தில் ஹனோய் போய்விடுங்கள், அங்கிருந்து ரயிலில் தெற்கே இறங்கி வாருங்கள். ஒரே வழியை இரண்டு முறை தரையில் கடக்க வேண்டியிருக்காது. சைகோனில் ட்ருவோங் தின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, பென் தான் சந்தையிலிருந்து நடக்கும் தூரம். நம் செட்டிநாட்டார் வட்டித் தொழிலுக்குப் போயிருந்த காலத்தின் மிச்சம். இன்று உள்ளூர் வியட்நாம் பெண்கள் ஊதுவத்தியோடு வந்து சுவரில் நெற்றியை வைத்து முணுமுணுத்து வேண்டிக்கொள்கிறார்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: ஹனிமூன் பேக்கேஜ் நல்லது ஏதாவது?

அது எனக்குத் தெரியாத விஷயம். ஊரில் உள்ள டிராவல்ஸில் கேளுங்கள்.

கோவையிலிருந்து ஒருவர்: விசா எத்தனை நாளில் வரும்? பாஸ்போர்ட்டை வாடகைக் கடையில் கொடுக்கலாமா?

விசாவுக்கு மூன்று வேலை நாள் என்று சொல்கிறார்கள், நீங்கள் இரண்டு வாரம் முன்னதாகவே போட்டுவிடுங்கள். விசா பற்றி இனி நான் பதில் எழுதவில்லை, மேலே எல்லாம் இருக்கிறது.

பாஸ்போர்ட்டை எந்தக் கடையிலும் அடமானம் வைக்காதீர்கள். தங்கும் இடத்தில் பதிவுக்காகக் கேட்பார்கள், காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

கரூர் நண்பர் மறுபடியும்: சரி அக்கா, ஈசி ரைடரே போகிறோம். ஆனால் ஹோய் ஆனிலிருந்து மி சன் கோயில்களுக்காவது நாங்களே ஓட்டலாமா? அது சமதரைதானே.

சமதரைதான், லைசென்ஸ் பிரச்சினையும் அதேதான். விடியற்காலை கிளம்பும் மினி பஸ் மலிவு, அதில் போங்கள். வெயில் ஏறுவதற்குள் சேர்ந்துவிடலாம். மி சன்னை அவசரமாகப் பார்க்காதீர்கள். நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற சம்பா நாட்டு அரசன் பத்ரேஸ்வரர் என்ற பெயரில் சிவனுக்கு எழுப்பிய கோயிலில் தொடங்கிய இடம் அது. செங்கல்லுக்கு நடுவே சாந்து கண்ணுக்குத் தெரியாது, விரல் நகம்கூட நுழையாது. 1969ல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டதில் மிகப் பெரிய கோபுரம் போய்விட்டது, குண்டு விழுந்த பள்ளங்கள் புல் மூடிக் கிடக்கின்றன. நம் இந்தியத் தொல்லியல் துறை அங்கே சீரமைப்பு வேலை செய்தபோது 2020ல் ஒரே கல்லில் செதுக்கிய லிங்கம் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது.

தஞ்சாவூரிலிருந்து ஒருவர்: ஹுவேயிலிருந்து டா நாங் ரயிலில் கடல் எந்தப் பக்கம்?

தெற்கே போகும்போது இடது பக்கம். ஹை வான் மலையைச் சுற்றும்போது ரயில் மெதுவாகப் போகும், அந்த நேரத்தில் தூங்கிவிடாதீர்கள்.