ஆட்டோகிராஸுக்காக கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றலாமா?

ஆட்டோகிராஸ் என்பது மைதானத்தில் கூம்புகளுக்கு நடுவே நேரம் பார்த்து ஓட்டும் கார் போட்டி. கிருஷ்ணகிரியிலிருந்து தானே ஓட்டிப்போய் அதில் கலந்துகொள்ளும் ஸ்விஃப்டில், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றலாமா என்பது கேள்வி. கழற்றாதீர்கள்.

போட்டி விதி வேறு, சாலைச் சட்டம் வேறு. மைதானத்தில் அனுமதி கிடைத்தாலும், அங்கே போய்ச் சேர தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஓசூர் பக்கமோ தொப்பூர் கணவாய் வழியோதான் போயாக வேண்டும். காற்று மாசு விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 190(2)-இன்படி 10,000 ரூபாய் வரை அபராதம், சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. டிரெய்லரில் ஏற்றிப்போகும் தனிப் போட்டிக் கார் என்றால் கதையே வேறு.

போட்டி விதி வகுப்புக்கு வகுப்பு மாறும். அமெரிக்காவின் எஸ்சிசிஏ என்ற கார் பந்தய அமைப்பு நடத்தும் ஆட்டோகிராஸில் ஸ்ட்ரீட் வகுப்பில் கம்பெனி கன்வர்ட்டர் அப்படியே இருக்க வேண்டும், அதற்குப் பின்னால் உள்ள குழாயை மட்டும் மாற்றலாம். ஸ்ட்ரீட் டூரிங் வகுப்பில் ஹை-ஃப்ளோ, அதாவது புகையை அதிகம் தடுக்காத, கன்வர்ட்டர் போடலாம். நம் ஊரில், இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் விதிகளோடு அந்தந்தப் போட்டியின் துணை விதிகளையும் வாங்கிப் படியுங்கள்.

கழற்றினால் பின்பக்க ஆக்சிஜன் சென்சார் கண்டுபிடித்துவிடும், கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 கோடு வந்து செக் எஞ்சின் விளக்கு எரியும். ஆட்டோகிராஸில் நேரம் போவது கூம்புகளுக்கு நடுவே திருப்பங்களில்தான். கழற்றச் செலவழிக்கும் பணத்தை நல்ல டயரில் போடுங்கள்.

அப்புறம் ஒன்று: ஓடி முடித்த சூட்டோடு காய்ந்த புல்மேல் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். கன்வர்ட்டர் பல நூறு டிகிரி கொதிக்கும், புல் பற்றிக்கொள்ளும்.