பழைய வீட்டின் சீலிங் விழுந்தால் காப்பீட்டுப் பணம் வருமா?

கேள்வி: எங்கள் வீட்டுக்கு எண்பது வயது இருக்கும். போன வாரம் படுக்கையறைச் சீலிங் மொத்தமாகப் பெயர்ந்து விழுந்து, கட்டிலும் அலமாரியும் நொறுங்கிவிட்டன. வீட்டுக் காப்பீடு இருக்கிறது. "பழைய வீடு, தேய்மானம் என்று சொல்லிக் கைவிரித்துவிடுவார்கள்" என்கிறார்கள். க்ளெய்ம் போடுவதில் பயன் உண்டா?

பதில்: போடுங்கள். அவர்கள் சொல்வது பாதிதான் சரி. தேய்மானம், நாள்பட்ட சிதைவு, பராமரிப்புக் குறை ஆகியவற்றுக்குப் பணம் இல்லை என்று ஏறக்குறைய எல்லா வீட்டுப் பாலிசியிலும் இருக்கும். ஆனால் வீட்டுக்கு வயதாகிவிட்டது என்பது மட்டும் க்ளெய்மை மறுக்கப் போதாது. சீலிங் எதனால் விழுந்தது என்பதுதான் கேள்வி.

அந்தக் காலத்துச் சீலிங்குகள் பலவற்றில் மெல்லிய மரப்பட்டிகளை இடைவெளி விட்டு அடித்து, கீழிருந்து சுண்ணாம்புக் காரையை அழுத்திப் பூசியிருப்பார்கள். இடைவெளி வழியாக மேலே பிதுங்கி நிற்கும் காரைதான் கொக்கி மாதிரி மொத்தத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. பாரமோ சதுர மீட்டருக்கு 40, 50 கிலோ வரும். வருடக்கணக்கான அதிர்வில் கொக்கிகள் ஒவ்வொன்றாக உடைந்து ஒரு நாள் விழுந்தால், அது தேய்மானம். மேலே குழாய் வெடித்துத் தண்ணீர் ஊறி விழுந்திருந்தால், அது நீர்ச்சேதம். புயலில் ஓடு பறந்து மழை இறங்கியிருந்தால், புயல் சேதம். கான்கிரீட் சீலிங் என்றால் உள்ளே கம்பி துருவேறி உப்பிக் காரையைத் தள்ளியிருக்கலாம். அதை நாள்பட்ட சிதைவு என்றுதான் பெரும்பாலும் எழுதுவார்கள்.

ஆகவே இடிபாட்டை அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். பலர் இழப்பது இங்கேதான். முதலில் அந்த அறைக்கான மின்சாரத்தை நிறுத்துங்கள். அப்புறம் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள்: விழுந்த இடம், மேலே தெரியும் மரம், நீர்க்கறை, குழாய் இணைப்பு. காரைத் துண்டுகளையும் பட்டிகளையும் ஒரு பையில் எடுத்து வையுங்கள். இடையில் எப்போதாவது பலகை மாற்றியிருந்தாலோ, சீலிங்கில் சொரசொரப்பான பூச்சு இருந்தாலோ அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ், மூச்சில் போனால் ஆபத்தான நார்) இருக்கலாம். அப்படியென்றால் துண்டுகளைத் தொடாமல், உலர்ந்தபடி பெருக்காமல், பரிசோதிக்கும் வரை தள்ளியே இருங்கள். மீதியும் விழாமல் முட்டுக் கொடுப்பது, தார்ப்பாய் கட்டுவது போன்ற தற்காலிக வேலைகளைச் செய்யலாம், செய்யவும் வேண்டும், ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள். முழு மராமத்து மட்டும், சேதத்தை மதிப்பிட வரும் காப்பீட்டு சர்வேயர் பார்த்த பிறகு.

படிவத்தில் காரணத்தை நீங்களாக ஊகித்து எழுத வேண்டாம். "ரொம்பப் பழசு, அதான் விழுந்துவிட்டது" என்ற ஒரு வரி போதும் க்ளெய்மை முடித்துவைக்க. அதற்காக, முன்பே விரிசல் இருந்ததை மறைக்கவும் கூடாது. தெரியவந்தால் மொத்த க்ளெய்மும் போய்விடலாம். பார்த்ததை, தேதியோடு எழுதுங்கள். காரணம் பற்றி ஒரு பொறியாளரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அந்தச் செலவு வீணாகாது.

பாலிசியில் "தற்செயல் சேதம்" என்ற கூடுதல் பாதுகாப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணப் பாலிசியில் தீ, புயல் போல அதில் பட்டியலிட்ட ஒன்று நடந்தது என்பதை முதலில் நீங்கள் காட்ட வேண்டும். தற்செயல் சேதத்தில் எதிர்பாராமல் சேதமானதைக் காட்டினால், இது விலக்குக்குள் (பணம் தராத காரணங்களுக்குள்) வருகிறது என்று பொதுவாக நிறுவனம்தான் காட்ட வேண்டும். கட்டிலும் அலமாரியும் பொருள்களுக்கான பகுதியில் வரும். சீலிங்குக்கு இல்லை என்றாலும் இவற்றுக்குப் பணம் வர வாய்ப்புண்டு, தனியாகக் கேளுங்கள்.

ஒப்புக்கொண்டாலும் முழுத்தொகை வராமல் போகலாம். வீட்டைத் திரும்பக் கட்ட 100 பங்கு ஆகும் இடத்தில் 60க்குத்தான் காப்பீடு என்றால், பல பாலிசிகளில் இழப்பிலும் 60 விழுக்காடுதான் தருவார்கள். அதிலும் நீங்கள் ஏற்க வேண்டிய முதல் தொகை கழியும்.

மறுத்தால், எந்த விதிப்படி, எந்த ஆதாரத்தில் என்று எழுத்தில் கேளுங்கள். "தேய்மானம்" என்ற ஒற்றைச் சொல் பதிலாகாது. பொறியாளர் அறிக்கையை இணைத்து நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். அங்கும் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைகேட்பு அதிகாரி. அதற்குக் காலக்கெடு உண்டு, மறுப்புக் கடிதத்தின் தேதியைக் குறித்து வையுங்கள்.