மைக் 'ம்' கொட்டாது

கேள்வி: என் மகள் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்திருக்கிறாள். ஆஸ்திரேலியாவில் மேற்படிப்புக்காக பி.டி.இ. என்ற, கம்ப்யூட்டரிலேயே நடக்கும் ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிறாள். என்னிடம் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுகிறவள், ஹெட்செட் மாட்டி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் வாயடைத்துப் போகிறாள். என்ன செய்யலாம்? – ஒரு தந்தை, தேவகோட்டை

பதில்: ஆங்கிலம் அவளுக்கு வரும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதனால் இன்னொரு கிராமர் வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். உங்களோடு பேசும்போது நீங்கள் தலையாட்டுகிறீர்கள், 'ம்' கொட்டுகிறீர்கள். அதைப் பிடித்துக்கொண்டே அவளுக்கு அடுத்த வார்த்தை வருகிறது. மைக் 'ம்' கொட்டாது. திரையில் நேரம் வேறு ஓடும். தப்பாகிவிடுமோ என்ற கவலைக்கே பாதி கவனம் போனால், வாக்கியம் எங்கிருந்து வரும்?

இந்தத் தேர்வில் 3 நொடிக்கு மேல் சத்தம் இல்லாவிட்டால் பதிவு நின்றுவிடும். சொன்னதைத் திருத்தலாம் என்று யோசித்து நிற்கிற பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். சொல் பிசகினால் பிசகட்டும், அடுத்ததற்குப் போய்விட வேண்டும். இதை மட்டும் தினமும் பழகினாலே போதும் என்பேன்.

எங்கே பழகுவது? அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அல்ல. தேர்வு மையத்தில் பக்கத்து இருக்கைகளில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். வளவில் ஆயாவும் அப்பத்தாவும் ஊர்க்கதை பேசுகிற நேரம் பார்த்து, அங்கேயே ஹெட்செட்டோடு உட்காரட்டும். ஆங்கிலப் பேப்பரில் ஒரு பத்தியை 35 நொடி மனதுக்குள் படித்து, அப்புறம் வாய்விட்டு வாசித்து, போனில் பதிவு செய்து கேட்கட்டும். முதல் சில நாள் தன் குரலைக் கேட்கவே கூச்சமாக இருக்கும், அது போய்விடும்.

தொடக்கத்தில் வரும் சுய அறிமுகத்துக்கு மதிப்பெண் கிடையாது. படிக்க 25 நொடி, பேச 30 நொடி. ராத்திரி முழுக்க அதை மனப்பாடம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம். அது தொண்டையைச் சரிசெய்துகொள்ளக் கிடைக்கும் நேரம், அவ்வளவுதான்.

போனிலேயே டைப் செய்து பழகியவள் என்றால் நிஜ கீபோர்டில் தினம் ஒரு கட்டுரை அடிக்கட்டும்: 20 நிமிடம், 200 முதல் 300 சொற்கள். படபடப்பில் தூக்கமும் சாப்பாடும் கெட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. மாதிரித் தேர்வு முடிந்ததும் "எவ்வளவு மார்க்கு?" என்று கேட்காதீர்கள். முகப்பில் வந்து உட்காருகிற உறவுக்காரர்களிடம் தேர்வுத் தேதியையும் சொல்லி வைக்காதீர்கள்.