மு.வ.வைக் குறை சொன்னவர்களையும் தேடுங்கள்

அன்புள்ள ஐயா,

காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு. மு. வரதராசனின் (மு.வ.) ‘அகல் விளக்கு’ நாவலை ஆய்வேட்டுக்கு எடுத்திருக்கிறேன். கூகுளில் தேடினால் எங்கும் ஒரே வாழ்க்கைக் குறிப்புதான். விமர்சனம் என்று திறந்தால் கதைச்சுருக்கம். மேற்கோள் காட்டும்படியான கட்டுரைகளை எங்கே தேடுவது?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் பக்கத்துக்காரரையே எடுத்திருக்கிறீர்கள். நாவலில் வேலய்யனும் சந்திரனும் சேர்ந்து படித்த வாலாசா, காட்பாடியிலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடும்.

முதலில் வாழ்க்கைக் குறிப்பு. ஒரே பத்தி பத்துத் தளங்களில் இருந்தாலும் சான்று ஒன்றுதான். மு.வ. பிறந்த ஊரையே பாருங்கள். 1912 என்பதில் தகராறு இல்லை. ஊர் மட்டும் ஓரிடத்தில் திருப்பத்தூர், இன்னோரிடத்தில் வேலம். பழைய நூல்கள் இரண்டையும் வட ஆர்க்காடு மாவட்டம் என்று சொல்லிவிடும். அந்த மாவட்டம் 1989இல் பிரிந்தது. அதில் மிஞ்சிய பகுதி பின்னர் வேலூர் மாவட்டமாகி, 2019இல் அதுவும் மூன்றானது. இன்று திருப்பத்தூர் தனி மாவட்டம், வேலம் இருப்பது ராணிப்பேட்டையில். சாகித்திய அகாதெமியின் ‘இந்திய இலக்கியச் சிற்பிகள்’ வரிசையில் மு.வ. பற்றி ஒரு சிறுநூல் உண்டு. அதில் தொடங்குங்கள். முரண்பாடு தென்பட்டால் அடிக்குறிப்பில் இரண்டையும் எழுதிவிடுங்கள், மறைக்க வேண்டாம்.

விமர்சனம்தான் பெரிய வேலை. மு.வ.வைப் பற்றிக் கல்லூரிப் பேராசிரியர்கள் எழுதியவற்றில் பாதிக்கு மேல் பாராட்டு மடல். நவீன இலக்கியத் தரப்போ அவரை அறிவுரை நாவலாசிரியர் என்று இரண்டு வரியில் ஒதுக்கிவிட்டுப் போகும். 1961இல் இதே நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையை விமர்சனத்துக்கென்றே தொடங்கியிருந்தார். ஒரே காலம், இரண்டு அளவுகோல். உங்கள் ஆய்வு நிற்க வேண்டிய இடம் அதுதான் என்பேன். விமர்சகர் க.நா.சு.வின் கட்டுரைகள், இலங்கை விமர்சகர் கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’, சிட்டி–சிவபாதசுந்தரம் எழுதிய நாவல் வரலாறு மூன்றையும் எடுத்துவையுங்கள். மு.வ. பெயர் வருகிறதா என்று பொருளடைவை மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். நாவலை எதைக் கொண்டு அளக்கிறார்கள் என்று படியுங்கள். சந்திரனின் வீழ்ச்சி பாத்திரத்தின் இயல்பிலிருந்து வருகிறதா, ஆசிரியரின் பாடத்துக்காக வருகிறதா என்று கேட்க அது உதவும்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா தளத்தில் மு.வ. பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் தேடுங்கள். சிலவற்றில் கதைச்சுருக்கம்தான் பக்கத்தை நிரப்பியிருக்கும், இருக்கட்டும். நேராகக் கடைசிக்குப் போய் துணைநூற்பட்டியலைப் பாருங்கள். நீங்கள் கேள்விப்படாத கட்டுரையும் சிறப்பு மலரும் அங்கே கிடக்கும். தேடும்போது வரதராசன், வரதராஜன், மு.வ., மு. வ. என்று எல்லா வடிவத்திலும் அடித்துப் பாருங்கள். ஒரு புள்ளி, ஓர் இடைவெளியில் நல்ல கட்டுரை தப்பிவிடும்.

பட்டியல் கையில் வந்ததும் வேலூர் மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பாருங்கள். அதிலும் அகப்படாத பழைய இதழ்களுக்கு சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. போகும் முன் இதழின் பெயர், ஆண்டு, மாதம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கல்லூரி அடையாள அட்டையும் நெறியாளரிடம் ஒரு கடிதமும் கையோடு இருக்கட்டும்.