ரப்பரை மட்டும் மாற்றாதீர்கள்

கப்பலின் 3ஆம் ஹேட்ச் கவரில் (சரக்கு அறையை மூடும் இரும்பு மூடி) சாக்பீஸ் சோதனையில் கோடு ரப்பரில் முழுதாக விழுகிறது, ஹோஸ் டெஸ்டில் (குழாயால் நீர் பீய்ச்சும் சோதனை) மட்டும் மூடிப் பலகைகள் சேரும் குறுக்கு இணைப்பில் நீர் இறங்குகிறது, லோட் லைன் (கப்பல் எவ்வளவு ஆழம் வரை அமிழலாம் என்ற வரம்பு) வருடாந்திர சர்வேக்கு முன் ரப்பரை மாற்றினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. சாக்பீஸ் கோடு தொடுகிறதா என்பதைத்தான் காட்டும். எவ்வளவு அமுங்குகிறது என்பதைக் காட்டாது. முதலில் கவர் உட்காரும் பேரிங் பேடுகளை (எடை தாங்கும் இரும்புத் தகடுகள்) அளந்து, தயாரிப்பாளர் கையேட்டோடு ஒப்பிடுங்கள். பேடு தேய்ந்தால் கவர் கீழே இறங்கி, அதன் எடை முழுவதும் ரப்பர் மேல் விழும். அந்த நிலையில் போடும் புது ரப்பரும் சீக்கிரமே நசுங்கிவிடும். இரும்பு இரும்பின் மேல் உட்கார வேண்டும், ரப்பர் அடைக்க மட்டுமே. பேடைச் சரிசெய்தபின் ரப்பரில் நிரந்தரப் பள்ளம் எவ்வளவு என்று பாருங்கள். வடிவமைப்பு அமுக்கத்தில் (ரப்பர் அமுங்க வேண்டிய அளவு) பாதியை எட்டியிருந்தால் அந்த நீளம் முழுவதையும் மாற்றுங்கள். துண்டு வைத்து ஒட்டினால் புதுசு மேடாக நின்று, பக்கத்துப் பழைய ரப்பரைத் தூக்கிவிடும்.

கம்ப்ரஷன் பாரில் (ரப்பரை அமுக்கும் இரும்புப் பட்டை) துரு, வளைவு இருக்கிறதா? வடிகால் குழாயின் நான்-ரிட்டர்ன் வால்வில் (நீரை வெளியே மட்டும் விடும் ஒருவழி வால்வு) பழைய சரக்குத் தூள் அடைத்திருக்கிறதா? கசிவு இங்கேயும் வரலாம்.

மறுசோதனைக்கு 12 மி.மீ. நாசில், 2 பார் அழுத்தம், 1.5 மீட்டருக்குள் நின்று அடியுங்கள். அல்ட்ராசோனிக் கருவி (அறைக்குள் ஒலி எழுப்பி, வெளியே கசிவதை அளப்பது) கிடைத்தால் இன்னும் நல்லது: ஹேட்ச் திறந்திருக்கும்போது பதிவாகும் ஒலி அளவில் 10 சதவீதத்தைத் தாண்டும் இடம் தேறாது. டேப் ஒட்டி சர்வேயரிடம் காட்ட நினைக்காதீர்கள், முதலில் அதைத்தான் உரிக்கச் சொல்வார்.